பண்டிகைக்கு முந்தின நாள் அடுப்பு அணைந்தது ஏன்? ஒரு நிகழ்வு ஆய்வு

டிசம்பர் 24, சாயங்காலம் 5.40. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு அடுக்களை. அம்மா அச்சு முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள். மாவு பாதிக்கு மேல் பாக்கி இருந்தது.

அச்சு முறுக்கு சூட்டை நம்பி நடக்கிற வேலை. அச்சை முதலில் எண்ணெய்க்குள்ளேயே காயவிட வேண்டும். காய்ந்த அச்சை மாவில் முக்கால் பங்கு மட்டும் முக்க வேண்டும், விளிம்பு தாண்டி மாவு ஏறிவிட்டால் முறுக்கு கழலாது. பிறகு எண்ணெய்க்குள் இறக்கி லேசாக ஓர் ஆட்டு ஆட்டினால் பூ தானாக விட்டு மிதக்கும். அன்றைக்கு அந்த ஆட்டுக்கு அது கழலவில்லை. அம்மா இன்னொரு முறை ஆட்டினாள். குச்சியால் தட்டினாள். மாவு அச்சோடு ஒட்டிக்கொண்டு வெளுப்பாகவே இருந்தது. அப்போதுதான் குனிந்து பார்த்தாள். சுடர் பர்னரின் ஓட்டைகளோடு ஒட்டி, விரல் நகம் அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஒரு முறை மினுங்கிவிட்டு அணைந்தது.

"ஏட்டி, அடுப்பு அவிஞ்சு போச்சு. அந்த இன்னொரு சிலிண்டர்லயும் ஒண்ணும் கிடையாதுல்லா" என்றாள் என்னிடம். தார்சாவிலிருந்து அண்ணன் சத்தம் கொடுத்தான்: "ஸ்பேர் இருக்குல்லாம்மா, நான் மாத்துதேன்." பின்கட்டுக்குப் போய் சிலிண்டரைத் தூக்கியவன் ஒரு கையிலேயே தூக்கிவிட்டான். அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். காலி.

வீட்டில் ஒன்பது பேர். மறுநாள் கிறிஸ்மஸ் பண்டிகை. அதிகாலை ஆராதனைக்கு மூன்று மணிக்கெல்லாம் எழுந்து குளித்துக் கிளம்ப வேண்டும். இரண்டு சிலிண்டரும் காலி.

இந்தச் சின்ன விஷயத்துக்கு ஏன் ஓர் ஆய்வு என்று கேட்கலாம். அன்றைக்கு ராத்திரி அம்மா என்னிடம், "எனக்கு மறதி வந்துட்டு, இனும என்னைய நம்பாதீங்க" என்று சொன்னாள். அவளுக்கு 71 வயது. நவம்பர் கடைசியில்தான் ஒரு கண்ணில் புரை அறுவை முடிந்திருந்தது. அவள் அப்படிச் சொன்ன பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறதிதான் காரணமா, வேறு ஏதாவதா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. பண்டிகைக்கு மறுநாள் மத்தியானம், எல்லோரும் தின்றுவிட்டுப் படுத்திருந்த நேரத்தில், குறுக்குத்துறைப் படித்துறையில் போய் ஒரு நோட்டோடு உட்கார்ந்தேன். விடுமுறைக்கென்றே வருகிற வெட்டி யோசனை என்று சொன்னாலும் சரி, நான் அதைச் சிரத்தையாகத்தான் செய்தேன்.

வீட்டின் வழக்கம்

சாதாரண நாளில் இந்த வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். 2023 வரைக்கும் ஒரே சிலிண்டர்தான் வைத்திருந்தோம். அந்த வருஷம் டிசம்பர் 17, 18-இல் பெய்த மழை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரை மீறி வண்ணாரப்பேட்டைக்குள்ளும் ஜங்ஷனுக்குள்ளும் வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நின்றுபோய், பயணிகள் நாள்கணக்கில் அங்கேயே கிடந்தார்கள். சாலைகள் துண்டான அந்த நாட்களில் எங்கள் வீட்டுச் சிலிண்டர் தீர்கிற நிலையில் இருந்தது. வண்டி வருவதற்கு வழியில்லை. அதற்கப்புறம்தான் அம்மா இரண்டாவது சிலிண்டர் வாங்கினாள்.

அவளிடம் ஓர் ஏற்பாடு உண்டு. காலியான சிலிண்டரைப் பின்கட்டில் வைத்து, அதன் மூடியை மறுபடி மாட்டி, அதன் தலையில் ஒரு சிரட்டையை, அதாவது தேங்காய் ஓட்டை, கவிழ்த்துவைப்பாள். சிரட்டை இருந்தால் காலி, இல்லாவிட்டால் நிறை. மூடி போட்டுவிட்டால் நிறையும் காலியும் பார்வைக்கு ஒன்றுதான், அதனால் இந்த அடையாளம். இதை அவள் யாருக்கும் சொன்னதில்லை. நானே இந்த ஆய்வின்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தினமும் அந்தச் சிரட்டையைப் பார்த்துக்கொண்டு, அது எதற்கு என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அது எனக்கு வருத்தம்தான்.

காலிச் சிலிண்டர் ஏன் நிரப்பப்படாமல் கிடந்தது? நவம்பரில் பதிவு செய்து, வண்டியும் வந்திருக்கிறது. அது அம்மாவின் கண் அறுவை நடந்த நாள். வீடு பூட்டியிருந்ததால் திரும்பிப் போய்விட்டார்கள், பதிவும் ரத்தாகிவிட்டது. அடுப்பில் இருக்கிற சிலிண்டர் பண்டிகையைத் தாண்டி ஓடும், பண்டிகை முடிந்ததும் மறுபடி பதியலாம் என்று அம்மா வைத்துவிட்டாள். இந்த "தாண்டி ஓடும்" என்பது வெறும் நினைப்பா, கணக்கா? முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது.

ஐந்து நாளில் நடந்தவை

20-ஆம் தேதி காலையில் பெங்களூரிலிருந்து அண்ணன், மைனி, பிள்ளைகள் இரண்டு பேர் வந்தார்கள். மத்தியானம் கோயம்புத்தூரிலிருந்து அக்கா, அத்தான், அவர்கள் மகள். எங்களோடு ஒன்பது பேர். அன்றைக்குச் சாயங்காலமே வெந்நீர் ஹீட்டர் போய்விட்டது. சுவிட்சைப் போட்டாலே வீட்டு மெயின் டிரிப் ஆனது. எங்கள் போர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர், ஹீட்டர் கம்பியில் காறை கட்டி, கம்பி வெடித்து மின்சாரம் தண்ணீரில் கசிந்திருக்கிறது. வழக்கமாக வருகிற எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சி மாலை போட்டிருந்தார். அவர் இருமுடி கட்டி, செங்கோட்டை, அச்சன்கோவில் வழியாக மலைக்குக் கிளம்பிப் போயாகிவிட்டது. மண்டல பூஜை பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். மார்கழியில் இந்த ஊரில் பாதிக் கைவேலைக்காரர்கள் மலையில்தான் இருப்பார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆக, 21-ஆம் தேதியிலிருந்து ஒன்பது பேருக்கும் குளிக்க வெந்நீர் காஸ் அடுப்பில். பெரிய சருவத்தில் தண்ணீர் வைத்து, கொதிக்கக் கொதிக்க வாளியில் விளாவி எடுத்துப் போனார்கள். திருநெல்வேலிச் சீமையின் குளிர் ஒரு குளிரா என்று வடக்கே இருப்பவர்கள் கேட்பார்கள். டிசம்பர் விடியற்காலையில் இங்கே 22, 23 டிகிரி இருக்கும், அவ்வளவுதான். ஆனால் மொட்டைமாடித் தொட்டியில் ராத்திரி முழுக்கக் கிடந்த தண்ணீரைத் தலையில் ஊற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அதே 22, 23 டிகிரிதான் மாவையும் கெடுத்தது. 21-ஆம் தேதி மைனி, "அத்தைக்குக் கண்ணு ஆபரேஷன் ஆயிருக்கு, நான் ஆட்டுதேன்" என்று நல்ல மனசோடு மாவு ஆட்டினாள். ராத்திரி ஒன்பது மணிக்கு ஆட்டி, தரையில் சில்லென்று இருக்கிற உள்ளறையில் வைத்தாள். காலை ஆறு மணிக்குப் பார்த்தால் மாவு வைத்த அளவிலேயே இருந்தது. உளுந்தோடு வருகிற நுண்ணுயிர்கள்தான் மாவைப் புளிக்கவைத்துக் காற்றேற்றிப் பொங்கவைக்கின்றன. முப்பது டிகிரிச் சூட்டில் எட்டு மணி நேரத்தில் முடிகிற வேலையை அவை இருபத்திரண்டு டிகிரியில் அந்த நேரத்துக்குள் முடிப்பதில்லை. அம்மாவிடம் கேட்டேன். "மார்கழின்னா சாயங்காலம் அஞ்சு மணிக்கே ஆட்டிருவேன். பிரிட்ஜுக்குப் பின்னால, அந்தச் சூட்டுல வைப்பேன்" என்றாள். இதுவும் யாருக்கும் சொல்லப்படாத ஒன்று.

பொங்காத மாவில் இட்லி கல்லாகத்தான் வரும். அதனால் தோசை. இட்லி என்றால் கொப்பரையில் ஓர் ஈட்டுக்குப் பதினாறு, மூன்று ஈட்டில் வீடு முழுக்கப் பசியாறிவிடும். தோசை ஒவ்வொன்றாகத்தான் வரும். ஒன்பது பேருக்கு ஆளுக்கு நாலு என்றால் முப்பத்தாறு, ஒன்றுக்கு இரண்டு நிமிஷம் வைத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அடுப்பு எரிகிறது. 22, 23, 24 மூன்று நாள் காலையும் தோசைதான்.

இடையில், குளிரில் உறைந்த தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை அண்ணன் மகன் நேராகத் தீயில் காட்டி, பாட்டிலின் அடி உருகி, எண்ணெய் அடுப்பெல்லாம் ஓடியது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் கட்டியாகும். கொஞ்சம் வெந்நீருக்குள் பாட்டிலை வைத்தால் தானே இளகிவிடும். பையனுக்குக் கையில் படவில்லை, அது போதும்.

22-ஆம் தேதி அண்ணன் பின்கட்டைச் சுத்தம் பண்ணினான். கிறிஸ்மஸுக்கு வெள்ளையடித்தது போக மிச்சமிருந்த சுண்ணாம்பை அந்தச் சுவருக்கும் அடித்தான். சிலிண்டர் சுவரோரம் இருந்தது. அதன் தலையில் ஒரு சிரட்டை. குப்பை என்று நினைத்து அதை எடுத்து மற்ற சிரட்டைகளோடு போட்டுவிட்டான். சிலிண்டரை அடிவளையத்தில் சாய்த்து உருட்டித்தான் நகர்த்தியிருக்கிறான், தூக்கவில்லை. தூக்கியிருந்தால் அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். காலிச் சிலிண்டர் பதினைந்து, பதினாறு கிலோ. நிறை என்றால் அதோடு 14.2 கிலோ சேர்ந்து முப்பதைத் தொடும்.

அன்றைக்கு மத்தியானம் நடந்த பேச்சு இது. அக்காவும் நானும் கூட இருந்தோம்.

"அம்மா, காஸ் இருக்குல்லா பண்டிகைக்கு?"

"இருக்குய்யா, பண்டிகை தாண்டி வரும்."

"பின்னால ஸ்பேரும் நிக்கி. பெறவென்ன."

அம்மா அடுப்பில் இருக்கிற சிலிண்டரைச் சொன்னாள். அண்ணன் பின்கட்டில் இருப்பதைச் சொன்னான். அம்மா காதில் அவனுடைய கடைசி வாக்கியம் விழவே இல்லை, முந்திரிக்கொத்து உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

கணக்கு

படித்துறையில் வைத்து நான் போட்ட கணக்கு இப்படி. எங்கள் கைபேசியில் இருக்கிற பழைய பதிவுச் செய்திகளைப் பார்த்தால், எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு சிலிண்டர் 56, 57 நாள் வருகிறது. 14.2 கிலோவை அதால் வகுத்தால் ஒரு நாளைக்கு 250 கிராம். அடுப்பில் இருந்த சிலிண்டரை என்றைக்கு மாட்டினோம் என்று அம்மாவைக் கேட்டேன். "நவம்பர் ஒம்பதாந்தேதில்லா மாத்துனோம்" என்றாள், யோசிக்கக்கூட இல்லை. மறதி வந்துவிட்டது என்று சொன்னவள்தான் இவள்.

நவம்பர் 9 முதல் டிசம்பர் 19 வரை 41 நாள். பத்தேகால் கிலோ போயிருக்கும். 19-ஆம் தேதி ராத்திரி சிலிண்டரில் கிட்டத்தட்ட 4 கிலோ மிச்சம். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்திருந்தால் அது ஜனவரி 4 வரை வந்திருக்கும்.

இனி செலவு. ஒன்பது பேருக்குச் சமைக்க, தோசை நேரத்தையும் சேர்த்து, நாளைக்கு அரைக் கிலோ என்று வைத்தேன். வெந்நீருக்குத் தனிக் கணக்கு: 18 லிட்டர் வாளித் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 40-க்குக் கொண்டுபோக 1,130 கிலோஜூல் சூடு வேண்டும். ஒரு கிலோ காஸ் எரிந்தால் 46,000 கிலோஜூல் வரும். ஆனால் அடுப்பிலிருந்து பாத்திரத்துக்குப் போய்ச் சேருவது அதில் அறுபது சதவீதம்தான், மற்றது காற்றோடு போகிறது. அப்படிப் பார்த்தால் ஆளுக்கு 40 கிராம், ஒன்பது பேருக்கு 360 கிராம். அதாவது, நாங்கள் இரண்டு பேரும் முழு நாள் சமைத்துச் சாப்பிடுவதைவிட அதிகமான காஸ், விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் குளியலறைக்குப் போயிருக்கிறது. நான் அதிர்ந்தது இந்த இடத்தில்தான்.

20-ஆம் தேதி அரைக் கிலோ. 21, 22, 23 மூன்று நாளும் 860 கிராம் வீதம் 2.58 கிலோ. 24 காலையில் மிச்சம் இருந்தது 900 கிராமுக்கும் கீழே. அதில் வெந்நீர், மூன்று பேர் கை வைத்த மத்தியானச் சமையல், அப்புறம் நாலு மணியிலிருந்து முறுக்கு எண்ணெய். 5.40-க்கு அணைந்தது. எடைபோட்டுப் பார்த்த கணக்கு இல்லை, நாற்பது ஐம்பது கிராம் முன்னே பின்னே இருக்கும். ஆனாலும் அடுப்பு அணைந்த வேளையும் கணக்கும் இவ்வளவு நெருங்கி வந்தது எனக்குப் போதுமானது.

ஹீட்டர் ஓடியிருந்தால் நான்கு காலையில் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ மிஞ்சியிருக்கும், 25-ஐத் தாண்டி 26 வரை வந்திருக்கும். "பண்டிகை தாண்டி வரும்" என்ற அம்மா சொல், ஒன்பது பேர் இருந்தும்கூட நின்றிருக்கும். சிரட்டை இருந்த இடத்தில் இருந்திருந்தால்? அண்ணன் அதன் அர்த்தம் தெரிந்திருந்தால் 22-ஆம் தேதியே பதிந்திருப்பான், 24-க்குள் வந்தும் இருக்கும். ஹீட்டர் போனது யார் கையிலும் இல்லை. சிரட்டை எங்கள் கையில் இருந்தது. அதனால் மூன்று காரணங்களில் சிரட்டையைத்தான் நான் முதலில் வைப்பேன். அண்ணன் மேல் பழி போடுவதற்காகச் சொல்லவில்லை. அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. உதவி செய்ய வந்தவன், சொல்லப்படாத ஒரு எழுத்தைத் தெரியாமல் அழித்துவிட்டான். மைனியின் மாவுக்கும் இதே கதைதான்.

அன்றைய சாயங்காலம்

அணைந்த உடனே அத்தான் சொன்ன யோசனை, சிலிண்டரைக் கவிழ்த்துப் போட்டால் அடியில் இருக்கிறது வரும் என்பது. வேறு சிலர் வெந்நீரில் நிறுத்தச் சொல்வார்கள். இரண்டையும் அம்மா விடவில்லை, சரியாகத்தான் செய்தாள். சிலிண்டருக்குள் இருப்பது அழுத்தத்தில் திரவமாக இருக்கிற வாயு. நிமிர்ந்து நிற்கும்போது மேலே இருக்கிற ஆவி மட்டும் ரெகுலேட்டர் வழியாக வரும். சாய்த்தால் திரவமே குழாயில் இறங்கி அடுப்பில் பெருந்தீயாகப் பிடிக்கலாம். இந்த ஒன்றை மட்டும் படிக்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காஸ் வாடை அடித்தால் 1906-க்கு அழைக்கலாம், நாள் முழுக்க எடுப்பார்கள்.

பதிவு செய்தோம், ஆனால் பண்டிகை கழிந்துதான் வரும் என்று தெரிந்தது. பரணில் இருந்த இண்டக்ஷன் அடுப்பை அக்கா இறக்கினாள். பால் காய்ச்ச உதவியது. குழிவான இரும்புச் சட்டி அதில் நிற்காது, சூடும் ஏறாது.

எதிர்வீட்டு ஆச்சி, எங்கள் வாசலில் நடக்கிற பரபரப்பைப் பார்த்துவிட்டு வந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும், "ஏ அய்யா, எங்க வீட்டுல நிறைச்சது ஒண்ணு நிக்கி, தூக்கிட்டுப் போ. திருவாதிரைக் களிக்கு முன்னால தந்தாப் போதும்" என்று அண்ணனிடம் சொன்னார்கள். வருஷா வருஷம் மார்கழித் திருவாதிரைக்கு நெல்லையப்பர் கோவிலுக்குத் தாமிர சபை நடராசரைப் பார்க்கப் போய்வந்து, களியும் கூட்டும் எங்கள் வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறவர்கள். அண்ணன் போய்த் தூக்கினான். இந்த முறை இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஏழு மணிக்கு அடுப்பு எரிந்தது. முதலில் விட்ட அச்சு முறுக்கு ஆச்சி வீட்டுக்குப் போனது.

மறுநாள் இருட்டோடு ஊசிக்கோபுரத்து ஆராதனைக்கு எல்லோரும் போனோம். மிஷனரி ரேனியஸ் காலத்தில், 1826-இல் எழும்பிய ஆலயம் அது. பாட்டு நடக்கும்போது அம்மா பக்கத்தில் நின்றேன். அவள் பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவில்லை. எல்லாச் சரணமும் அவளுக்கு மனப்பாடம். மறதி என்று சொன்னது அப்போதுதான் எனக்கு முழுசாக உறுத்தியது.

அதற்கப்புறம்

அடுப்புச் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கத் தராசு தேவையில்லை. ஈரத் துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழே துடைத்துவிட்டு ஒரு நிமிஷம் பொறுத்தால், மேல்பகுதி முதலில் காயும், திரவம் நிற்கிற உயரம் வரைக்கும் ஈரம் மெதுவாகத்தான் போகும். இதை அத்தான் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவள் அந்த ஈரக்கோட்டைச் சாக்பீஸால் குறித்துத் தேதி போட்டுவிட்டுப் போனாள். மைனி, ஐந்து மணி மாவு விஷயத்தைத் தன் கைபேசியில் எழுதிக்கொண்டாள். பெங்களூரில் டிசம்பர் இதைவிடக் குளிர், அங்கே இத்தனை வருஷமாக மாவு பொங்காததற்கு அரிசியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

27-ஆம் தேதி எங்கள் சிலிண்டர் வந்தது. அதை அப்படியே ஆச்சி வீட்டில் இறக்கினோம். 28-ஆம் தேதி எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சி அரவணையோடு வந்து, ஹீட்டர் கம்பியை மாற்றிக் கொடுத்தார். 30-ஆம் தேதி வெளியூர்க்காரர்கள் எல்லோரும் ரயிலேறினார்கள். அண்ணன் கிளம்பும் முன் பின்கட்டுக்குப் போய், எங்கள் காலிச் சிலிண்டரின் தலையில் ஒரு சிரட்டையைக் கவிழ்த்துவிட்டு வந்தான். "சரியாம்மா?" என்று கேட்டான். அம்மா தலையை ஆட்டினாள்.

நான் போட்ட கணக்கை அம்மாவிடம் காட்டினேன். ஜனவரி 4 வரை வந்திருக்கும், நீ நினைத்தது சரிதான், உனக்கு மறதி இல்லை என்றேன். நோட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. என்னை ஆறுதல்படுத்துவதற்காகச் சொல்கிறாள் இவள் என்று நினைத்திருப்பாள்.

ஜனவரி 1, ஆலயத்திலிருந்து வந்து அடுக்களைச் சுவரில் பழைய காலண்டரைக் கழற்றினேன். புதிய வருஷத்துக் காலண்டரை அவள் டிசம்பர் முதல் வாரமே வாங்கி அதற்குப் பின்னால் மாட்டியிருந்தாள். ஜனவரி 3-ஆம் தேதிக் கட்டத்தின் மூலையில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி.

"இது என்னம்மா?" என்றேன்.

"அன்னைக்குத்தான சிலிண்டர் தீரும்" என்றாள்.